பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை: உள்ளே இருந்தவளின் விமர்சனம்

ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு "அக்கா, சேரலாமா?" என்று கேட்கிற கல்லூரித் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் 2016-ல் ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் சேர்ந்து, 2021-ல் வெளியே வந்தேன். மறைமுக வரி ஆலோசனைப் பிரிவு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேருங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்கே கற்பதை வேறு இடத்தில் அத்தனை வேகமாகக் கற்பது கஷ்டம். ஆனால் அந்த நிறுவனம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

அங்கே விற்கப்படும் பொருள் மணி நேரம். உச்சியில் பார்ட்னர்கள், நிறுவனத்தின் உரிமையாளர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கீழே டைரக்டர், சீனியர் மேனேஜர், மேனேஜர், அப்புறம் கன்சல்டன்ட், அடியில் அனலிஸ்ட். ஒரு பார்ட்னருக்குக் கீழே எத்தனை இளைஞர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய நேரம் என்ன விலைக்குப் போகிறது என்பதில்தான் லாபம் இருக்கிறது. ஆகவே சேர்ந்த வாரமே உங்களுக்கு அறிமுகமாகும் முதல் விஷயம் டைம்ஷீட். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சார்ஜ் கோட் உண்டு. எந்தக் கோடில் எத்தனை மணி நேரம் என்று வாரா வாரம் பதிய வேண்டும். வாடிக்கையாளர் காசு கொடுக்கும் மணி நேரம் உங்கள் மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் யூட்டிலைசேஷன். அது குறைந்தால் பெஞ்சில், அதாவது எந்த வாடிக்கையாளர் வேலையிலும் போடப்படாமல், இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெஞ்சில் சும்மா இருப்பது சுகம் என்று வெளியே நினைப்பார்கள். யார் கூப்பிடுவார்கள் என்று மெயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிற அந்த நாட்கள், வேலை செய்யும் நாட்களைவிட அதிகமாகக் களைப்பாக்கும்.

நான் சேர்ந்த நேரம் நல்ல நேரம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. கலால் வரி, சேவை வரி, வாட், மத்திய விற்பனை வரி எல்லாம் ஒன்றுக்குள் போயின. நாடு முழுவதும் தொழிற்சாலைக்காரர்கள் ஆலோசகர்களைத் தேடி ஓடினார்கள். அலுவலகத்தில் அனுபவம் பேசுகிறவர்கள்கூட அந்தச் சட்டத்தை எங்களோடு சேர்ந்துதான் படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டாம் ஆண்டுப் பெண்ணான எனக்கும் பெரிய கூட்டங்களில் வாய் திறக்க இடம் கிடைத்தது. புதுச் சட்டமோ புதுத் தொழில்நுட்பமோ வரும் காலத்தில் இந்த மாதிரி நிறுவனத்தில் இளையவராக இருப்பது பெரிய வாய்ப்பு.

என்னை அனுப்பியது திருப்பூருக்கு. ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அந்த ஊரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து துணியைச் சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங், பிரிண்டிங், பிறகு பவர்டேபிள் எனும் தையல், செக்கிங், அயர்னிங் என்று கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கையும் தனி ஜாப் ஒர்க்காரர், அதாவது பிறர் சரக்கில் ஒரு வேலையை மட்டும் கூலிக்குச் செய்து தருபவர். ஜிஎஸ்டிக்கு முன் இவர்களில் பெரும்பாலோர் வரி வலைக்கு வெளியே இருந்தவர்கள். புதுச் சட்டத்தில், அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே அதை விற்றதாகக் கணக்கு. யாருக்கு, எந்த டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது என்பதைத் தனிப் படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சாயப்பட்டறைக்குப் போன துணி அதே எடையில் திரும்பாது. பவர்டேபிளுக்குக் கிலோவில் போனது பீஸாக வரும். இதையெல்லாம் எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

சொன்னவர் அந்த நிறுவனத்தின் அக்கவுண்டன்ட். அறுபதை நெருங்கியவர். முதல் இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. நான் கொண்டுபோன படம் போட்ட டெக்கை, அதாவது ஸ்லைடு தொகுப்பை, பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, நீங்க சாயப்பட்டறையப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் காலை கம்பெனி வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு அவருடைய ஜாப் ஒர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கூட்டிப் போனார். டிசி புத்தகத்தின் மூன்று நிறத் தாள்களில் எது யாரிடம் தங்கும், எது தொலையும் என்று அந்த ஒரு நாளில் கற்றேன். கன்சல்டிங் வேலையின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். உங்கள் வயதில் வேறு யாருக்கும் திறக்காத கதவுகள் உங்களுக்குத் திறக்கும். முதலாளியிடம் நேரே கேள்வி கேட்கலாம், ஸ்டோர் கீப்பரோடு உட்காரலாம், அதே வாரத்தில் வரி அதிகாரி முன்பும் நிற்கலாம். ஒரே கம்பெனியில் பத்து ஆண்டு இருந்தாலும் கிடைக்காத பரப்பு இது.

இரண்டாவது பெரிய லாபம் எழுத்து. என் முதல் மேனேஜர் ஸ்லைடின் தலைப்பில் "ஜாப் ஒர்க் நிலவரம்" என்று எழுத விடமாட்டார். முடிவைச் சொல்லும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும்: "இன்ன ஜாப் ஒர்க்காரர்களிடம் உள்ள சரக்கு இன்ன தேதிக்குள் திரும்பாவிட்டால் இவ்வளவு வரி விழும்." எதை அனுப்பினாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதைப் படிச்சிட்டு முதலாளி திங்கட்கிழமை என்ன செய்வார்?" பதில் இல்லாத ஸ்லைடுகளை நீக்கிவிடுவார். இன்று நான் எழுதும் ஒவ்வொரு மெயிலிலும் அந்தப் பயிற்சி இருக்கிறது. அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். அதே அலுவலகத்தில் அடுத்த வரிசையில் இருந்த குழுவில், பழைய டெக்கில் வாடிக்கையாளர் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதே வேலையாக இருந்தது. அங்கே போயிருந்தால் நான் எழுதும் விமர்சனம் வேறாக இருந்திருக்கும். நிறுவனத்தின் பெயரைவிட மேனேஜர் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது வலிக்கும் பகுதிக்கு வருகிறேன். ஒரு வேலைக்கு விலை சொல்லும்போது இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். போட்டி நிறுவனம் குறைத்துச் சொல்லும். பேரம் நடக்கும். கட்டணம் இறங்கும். கட்டணம் இறங்கினால் வேலை இறங்குவதில்லை. அதே சரக்கு, அதே டிசி, அதே படிவம். ஆனால் பட்ஜெட்டில் மணி நேரம் குறைந்துவிட்டது. மேனேஜரை மதிப்பிடுவது அந்த பட்ஜெட்டை வைத்து. ஆகவே நள்ளிரவு வரை உட்கார்ந்தாலும் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் மட்டும் போடச் சொல்லி ஒரு வாய்மொழி உத்தரவு வரும். எழுத்தில் யாரும் தரமாட்டார்கள். இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. அந்தப் பொய்யான மணி நேரம்தான் ஆவணத்தில் நிற்கிறது. அடுத்த ஆண்டு அதே மாதிரி வேலைக்கு விலை சொல்லும்போது "போன தடவை இவ்வளவு நேரத்தில் முடிந்ததே" என்று அந்த எண்ணையே எடுப்பார்கள். இப்படி ஒவ்வொரு ஆண்டும் கயிறு இறுகும். இளைஞர்கள் உடம்பு கெட்டுப் போவதற்கு வாடிக்கையாளர் அவசரப்படுத்துவது ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு அதைவிடப் பெரிய காரணம். இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் அநியாயம் என்கிறேன். உண்மையான நேரத்தை உங்கள் சொந்த நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ரேட்டிங் பேச்சு வரும்போது அது உங்கள் பக்கம் நிற்கும்.

ரேட்டிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆண்டுக்கொருமுறை ஒரு அறைக்குள் மேலே உள்ளவர்கள் எல்லோரையும் வரிசைப்படுத்துவார்கள். உங்கள் பெயரை அங்கே பேச ஒருவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பயணப்படி, ஹோட்டல், டாக்ஸி எல்லாம் தாராளம்; பில்லை அன்றே பதிவேற்றிவிடுங்கள்.

சேரும்போது பலரும் எதிர்பார்க்காத ஒன்று, பங்கு முதலீட்டுக் கட்டுப்பாடு. தணிக்கையும் ஆலோசனையும் ஒரே குடையின் கீழ் செய்கிற நிறுவனம் என்றால், அது தணிக்கை செய்யும் கம்பெனிகளின் பங்குகளை நீங்கள் வைத்திருக்கக் கூடாது என்று சொல்வார்கள். உங்கள் கணவர் அல்லது மனைவி பெயரில் உள்ளதையும் கேட்பார்கள். என் அப்பா என் பெயரில் வாங்கிப்போட்டிருந்த சில பங்குகளை விற்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வருத்தம்தான். எனக்கு அந்த விதி சரியென்றே படுகிறது. 1913-ல் சிகாகோவில் தொடங்கிய தணிக்கை நிறுவனம் ஆர்தர் ஆண்டர்சன், தான் தணிக்கை செய்த என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்தில் சிக்கி 2002-ல் சரிந்தது. உலகம் முழுவதும் சுமார் 85,000 பேர் வேலை செய்த நிறுவனம் அது. ஒரே கம்பெனிக்குக் கணக்கும் தணிக்கை செய்து, ஆலோசனையும் விற்றுப் பெரும் பணம் வாங்கினால் தணிக்கை தளரும் என்று அப்போதுதான் எல்லோரும் உரக்கப் பேசினார்கள். அதே ஆண்டில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், தணிக்கை வாடிக்கையாளருக்குப் பல ஆலோசனைச் சேவைகளை விற்பதைத் தடுத்தது. ஆண்டர்சனின் ஆலோசனைப் பிரிவு அதற்கு முன்பே சண்டையிட்டுப் பிரிந்து, 2001 ஜனவரியில் அக்சென்ச்சர் என்ற பெயரில் தப்பித்திருந்தது. வரலாறு தெரிந்தால், ஆண்டுதோறும் நிரப்பச் சொல்லும் அந்த நீண்ட படிவத்தின் மேல் கோபம் வராது.

என்னை வெளியே வரவைத்தது நேரம் மட்டுமல்ல. ஒரு வேலை முடிந்ததும் சார்ஜ் கோடை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வாடிக்கையாளரோடு பேசும் ஒவ்வொரு நிமிடமும் யார் கணக்கிலும் இல்லாத நிமிடம். திருப்பூரில் நாங்கள் ஒரு எக்செல் முறை அமைத்துக் கொடுத்தோம்: ஒவ்வொரு டிசிக்கும் ஒரு வரி, போன எடை, வந்த எடை, மீதி. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அந்த அக்கவுண்டன்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். அவர் அந்த முறையை அப்படியே வைத்திருக்கவில்லை. டிசி வாரியாக வைத்தால் சாயப்பட்டறையில் இரண்டு டிசி துணியை ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் தொகுப்பில், போட்டுவிடும்போது கணக்கு இடிக்கிறது என்று, லாட் எண் வாரியாக மாற்றிவிட்டார். "இப்பத்தானுங்க அம்மணி ஒழுங்கா டேலி ஆகுது" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே அலுவலகத்தில் சொன்னேன். நல்லது என்றார்கள். முடித்த வேலைகளைச் சேமித்துவைக்கும் எங்கள் அறிவுக் களஞ்சியத்தில் எங்கள் பழைய டெக் மட்டும் இருந்தது. புதுத் திட்டங்களுக்கு அதையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய திருத்தத்தைச் சேர்க்க எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும், எந்தக் கோடில் போடுவது என்று கேட்டேன். அதற்குக் கோடு இல்லை. என் நேரத்தில் செய்து சேர்த்தேன்.

எத்தனை மணி நேரம் என்று அத்தனை துல்லியமாக எண்ணுகிற இடத்தில், சொன்ன ஆலோசனை பலித்ததா என்று எண்ணுவதற்கு யாரும் இல்லை. நான் இப்போது ஒரு நூற்பாலையில் வரி, கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். சம்பளம் குறைவு. நான் எடுத்த முடிவின் விளைவு அடுத்த மாதமே என் மேஜையில் வந்து நிற்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது. உங்களுக்கு அந்தப் பரப்பும் வேகமும் பிடித்துப் பார்ட்னர் வரை போக ஆசையிருந்தால் அதிலும் குறையில்லை. அப்படிப் போன நல்லவர்களை எனக்குத் தெரியும்.

இன்டர்வியூவின் கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். மூன்று கேட்டுப் பாருங்கள். முதலில், என்னை எந்தக் குழுவில், எந்த மேனேஜரிடம் போடுவீர்கள்? இரண்டாவது, பட்ஜெட்டைத் தாண்டி வேலை போனால் அந்த நேரத்தை டைம்ஷீட்டில் போடலாமா? மூன்றாவது, போன ஆண்டு முடித்த ஒரு வேலை இப்போது அங்கே எப்படி நடக்கிறது? இரண்டாவதுக்கு "போடலாம்" என்று தயங்காமல் பதில் வந்து, மூன்றாவதுக்கு ஒரு வாடிக்கையாளரின் கதையை அவர் விவரமாகச் சொன்னால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அந்தக் குழுவுக்கே போங்கள்.