மணல் ஆலைக்குக் கிளை ரயில் பாதை: தடம் அருமை, வரைபடம் சுமார்

ஆலை இன்னும் எழும்பவே இல்லை, அதற்குள் ரயில் பாதை தயார். தொழிற்சாலைகளுக்குச் சிலிக்கா மணல் அனுப்பப்போகும் ஆலை இது. சரக்குப் போக்குவரத்து என் பொறுப்பு. அதனால், பிரதான பாதையிலிருந்து பிரியும் கிளைப் பாதையை வடிவமைத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர்களோடு அதிகம் மல்லுக்கட்டியவனும் நான்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

அந்த ஒன்றரை எங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மணலைச் சேர்த்து வைத்து அடிவழியாகக் கொட்டும் உயரமான தொட்டிதான் சைலோ. அதற்கு அடியில் ரயில் மெல்ல நகர நகர, வேகன்கள் ஒவ்வொன்றாக நிரம்ப வேண்டும். அப்படியென்றால் சைலோவுக்கு முன்னால் ஒரு ரயில் நீளம், பின்னால் ஒரு ரயில் நீளம் தடம் இருக்க வேண்டும். 14 மீட்டர் வேகன் 40 என்றால் 560 மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 1,120. இன்ஜினுக்கு இடம் தனி. முதல் வரைபடத்தில் இதில் பாதிதான் இருந்தது. கேட்டால், "ரயிலைப் பிரித்து ஷன்டிங் பண்ணிக்கலாமே சார்" என்றார்கள். பண்ணலாம்தான். ஆனால் பிரிக்கும்போதெல்லாம் பிரேக் குழாயைக் கழற்றி மாட்டி, காற்றழுத்தம் ஏற்றி, மறுபடி சோதிக்க வேண்டுமே! கடைசியில் திருத்திக் கொடுத்தார்கள், அதற்கும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு.

களத்தில் இறங்கியதும் வேறு ஆட்களோ என்று தோன்றியது. மணலைச் சிந்தாமல் ஏற்ற யாராலும் முடியாது. சிந்தியது ஜல்லிக்குள் இறங்கினால் இடைவெளி அடைபட்டு, தண்ணீர் வடியாமல், தடம் உட்கார ஆரம்பித்துவிடும். அதனால் சைலோவுக்கு அடியில் ஜல்லியே போடாமல், கான்கிரீட் தளத்தில் தண்டவாளத்தைப் பதித்திருக்கிறார்கள். பெருக்கி அள்ளினால் போதும். கான்கிரீட் முடிந்து ஜல்லி தொடங்கும் இடம்தான் வழக்கமாகத் தொல்லை தரும். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் இளக்கம். அங்கே ஜல்லிக்கு அடியில் கொஞ்ச தூரத்துக்குக் கான்கிரீட் பலகையை நீட்டியிருக்கிறார்கள். நான் கேட்காமலே செய்த வேலை அது.

ஆலைப் பக்கம் மேடு, பிரதான பாதை பள்ளம். தப்பி உருளும் வேகனை வேண்டுமென்றே தடம் இறக்கிவிடும் கருவியையும் சரியான இடத்தில் வைத்து, ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டோடு சேர்ந்து இயங்கும்படி பூட்டியிருக்கிறார்கள்.

எடைமேடை விஷயம் மட்டும் முடிந்தபாடில்லை. ஓடும் ரயிலை எடை போட வேண்டுமென்றால் மேடைக்கு இரு பக்கமும் நேரான, சமதளமான தடம் வேண்டும். இவர்கள் வளைவு முடிந்த கையோடு வைத்துவிட்டார்கள். மணலோ கனச் சரக்கு. வேகனில் இடம் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும், எடை வரம்பைத் தாண்டியிருக்கும். மேடையைத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை கடைசித் தவணையில் என் கையெழுத்து விழாது.