பாஸ் லூரும் நம்ம ஊர் விராலும்: டெல்டா வாய்க்காலில் எது எடுபடுகிறது?

கடையில் தொங்கும் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) அட்டைகளில் முக்கால்வாசியில் ஒரு பாஸ் மீன் வாயைப் பிளந்துகொண்டு துள்ளும். அது அமெரிக்க ஏரிகளின் மீன். நம் காவிரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அதற்காகச் செய்த ரப்பர் தவளையையும் சுழலும் தகடு வைத்த ஸ்பின்னரையும்தான் நாம் வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் விராலுக்கு வீசிக்கொண்டிருக்கிறோம். தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால்களில் சில வருஷமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: இங்கே மீனைப் பார்த்து லூர் வாங்குவது வீண் செலவு, தண்ணீரைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் தவளை. உள்ளே காலியாக, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் ரப்பர் உடம்பு. இரண்டு தூண்டில் முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். அதனால் ஆகாயத்தாமரை, அல்லி இலை, வள்ளைக்கொடி எதன் மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். வாய்க்காலில் பாதி கொடியும் பாசியுமாகக் கிடக்கிற ஊரில் இதைவிட உருப்படியான லூரை நான் பார்க்கவில்லை. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள்.

விரால் செவுளை மட்டும் நம்பி உயிர் வாழாது, அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். அந்தச் சத்தமும் குமிழியும்தான் நமக்கு முகவரி. ஆனால் குமிழி வந்த இடத்தின் தலையிலேயே தவளையைப் போட்டால் மீன் அடியில் போய்ப் பதுங்கிவிடும். நாலைந்து முழம் தாண்டிப் போட்டு, இலை மேல் ஊர விட்டு இழுத்து வந்து, இலையின் விளிம்பில் தண்ணீர் தெரிகிற சந்தில் இறக்கி நிறுத்த வேண்டும். தூண்டில் கழியான ராடின் நுனியை லேசாகத் தட்டினால் தவளை நின்ற இடத்திலேயே தலையாட்டும். அடி பெரும்பாலும் அப்போதுதான் விழும். தொளக்கென்று தண்ணீர் குழிந்து தவளை காணாமல் போகும். அந்தச் சத்தத்துக்குக் கை தானாகச் சுண்டப் பார்க்கும், சுண்டக் கூடாது. வாய்க்குள் முழுசாக வாங்க மீனுக்கு ஒரு நொடி வேண்டும். தூண்டில் நரம்பு ஒரு பக்கமாக நகர ஆரம்பித்த பிறகு பலமாகச் சுண்டினால் நிற்கும்.

கடையில் வருகிற தவளையை அப்படியே போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முள் உடம்போடு மிக நெருங்கி இருக்கும். அந்த ஊர் பாஸுக்கு அது போதும் போல. விராலின் எலும்பு வாய்க்குப் போதாது. குறடால் இரண்டு முள்ளையும் நூலளவு வெளியே விரித்துவிடுகிறேன். ரப்பர் கால்களையும் பாதிக்கு வெட்டிவிடுவேன், இல்லாவிட்டால் குரவை மீன் அந்தக் காலை மட்டும் கடித்து இழுத்துக்கொண்டு நம் நேரத்தை வாங்கும். நாலைந்து விரால் கடித்த தவளையைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் ஊசி குத்தியது மாதிரி வரிசையாகப் பல் ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் ஏறி லூர் மூழ்க ஆரம்பிக்கும். பிழிந்து காயவைத்து ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். 200 ரூபாய்க்குள் கிடைக்கிற தவளையே போதும். விலை கூடக் கூட முதுகில் பெயின்ட் வேலைதான் கூடுகிறது, கீழே இருக்கிற மீனுக்கு முதுகு எங்கே தெரியப்போகிறது? அதற்குத் தெரிவது வயிறு. அந்தி நேரத்துக்கும் மேகமூட்டத்துக்கும் கறுப்பு வயிறு, வெயிலுக்கு வெளிர் நிறம். இந்த இரண்டோடு என் வண்ண ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

உயிர்த் தவளை போடுகிற பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “என்னா தம்பி, ரப்பர் தவளயப் போட்டு யாரை ஏமாத்துறிய?” என்று கேட்டவர் அன்றைக்கு என்னைவிட அதிகம் பிடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் நான் உயிர்த் தவளைக்குப் போவதில்லை. வயல் பூச்சியைத் தின்கிற ஜீவன் அது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-லேயே அரசு தடை செய்துவிட்டது. அதே வயலின் வரப்பில் நின்றுகொண்டு அதைப் பிடித்து முள்ளில் குத்த மனசு வரவில்லை.

தவளை கைவிடும் காலமும் உண்டு. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டிப் புதுத் தண்ணீர் வரும்போது வாய்க்கால் காவி நிறத்தில் கலங்கி ஓடும். மேலே ஊர்கிற தவளை மீனின் கண்ணுக்குத் தட்டுப்படாது. இங்கே ஸ்பின்னர்பெயிட் பேசும். வளைந்த கம்பியில் ஒரு பக்கம் தகடு, மறு பக்கம் முள்ளும் ரப்பர் குஞ்சமும். இலை மாதிரி நீளத் தகடு மின்னும், வட்டத் தகடு தண்ணீரை அடித்து அதிரும். கலங்கலில் மின்னுவதால் லாபமில்லை. அதிர்வை மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் உணர்ந்து வரும். அதனால் வட்டத் தகடுதான் என் தேர்வு. ஓட்டத்தின் நடுவில் போடாமல், தண்ணீரை அடைத்துத் திறக்கும் ரெகுலேட்டருக்குக் கீழே தண்ணீர் சுழன்று அடங்குகிற ஓரத்திலும், மதகு வாயிலும், காட்டாமணக்குப் புதர் நிழலிலும் மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். தகடு சுழல்வது ராடு பிடியில் துடிப்பாகத் தெரியும். அந்தத் துடிப்பு சட்டென்று நின்றால் ஒன்று பாசி, இல்லையென்றால் மீன்.

சாஃப்ட் பிளாஸ்டிக் பற்றி இரண்டு மனசுதான். ஐப்பசி மழை அடங்கித் தண்ணீர் தெளிந்த பிறகு, வால் ஆட்டும் சின்ன ரப்பர் மீனை கழுத்து வளைந்த ஆஃப்செட் முள்ளில் முனை மறையக் கோர்த்து, முன்னால் சிறு ஈயம் போட்டு அடியில் இழுத்தால் ஜிலேபி மீன் குஞ்சைத் துரத்துகிற விரால் ஏமாறும். ஆனால் குரவை இருக்கிற இடத்தில் வால் மிஞ்சாது. பாக்கெட் பாக்கெட்டாகக் கரையும். ஈயத் தலையோடு வரும் ஜிக் ஹெட்டில் திறந்த முள்ளாகப் போட்டால் வேலம்பாசியை அறுவடை செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

மூன்று முனை ட்ரெபிள் முள் தொங்கும் கிராங்க்பெயிட் (இழுத்தால் முங்கி ஓடும் லூர்), பாப்பர் (நீர்மட்டத்தில் தண்ணீரைத் தெறிக்க வைக்கும் லூர்) எல்லாம் வாய்க்காலுக்கு வேண்டாம். அவற்றின் இடம் கடைமடைக்கும் கீழே, கோரையாறும் பாமணியாறும் உப்புத் தண்ணீரைத் தொடுகிற முத்துப்பேட்டைப் பக்கம். அங்கே கொடுவா இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதையும் ஒரு வகை பாஸ் என்றே சொல்வார்கள். 1936-ல் பின்லாந்தில் லௌரி ரபாலா கார்க்கைச் செதுக்கி, அடிபட்ட மீன் தள்ளாடுவது போல ஓட வைத்த அந்த மின்னோ (சிறு மீன்) வகை லூர் கொடுவாவுக்கு அத்தனை பொருத்தம். வத்தம் (கடல் நீர் வடியும் நேரம்) ஆரம்பித்து ஓடைத் தண்ணீர் பிரதான வாய்க்காலுக்கு வடியும் முனையில் போட்டு, இரண்டு இழு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில்தான் அடிக்கும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும், நரம்பின் நுனியில் கட்டும் தடித்த லீடர் இல்லாமல் போகாதீர்கள். விலை மலிந்த லூரோடு வரும் ட்ரெபிள் முள் பெரிய மீனுக்கு நிமிர்ந்துவிடும், வாங்கிய அன்றே கனமான முள்ளாக மாற்றிவிடுவது நல்லது. அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஊர்க் குளங்களிலும் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரைக் கேட்டுவிட்டுத்தான் ராடை விரிக்க வேண்டும்.

நரம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நைலான் இழுபடும், கொடிக்குள்ளே போன விராலைத் திருப்ப அது ஆகாது. 40 பவுண்டுக்குக் குறையாத இழுவை தாங்கும் பிரெய்டு என்ற பின்னல் நரம்பும், நுனி விறைத்த ஏழடி ராடும் வேண்டும்.

இன்னொன்று. செம்பழுப்பாய் ஒரு குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பது போலத் தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எந்த லூரைப் போட்டாலும் அடிக்கும், பசிக்கு அல்ல, கோபத்துக்கு. காவல் போனால் அந்தக் குஞ்சுகளை ஜிலேபியும் குரவையும் தின்று தீர்த்துவிடும். நான் அங்கே போடுவதில்லை. போடுகிறவர்களோடு பக்கத்தில் நிற்பதும் இல்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீருக்குப் போய் வந்த லூரை நல்ல தண்ணீரில் அலசி, முள்ளைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். சாஃப்ட் பிளாஸ்டிக்கை அது வந்த பையிலேயே வைத்திருங்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மற்ற லூர்களோடு கலந்து கிடந்தால் உருகி, பக்கத்தில் இருக்கிற பெயின்ட்டையும் சேர்த்து இளக்கிவிடும்.