அப்பாவின் மாத்திரை டப்பாவை அட்மிஷன் மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன்

வீட்டில் பார்க்கின்சன் (நடுக்குவாத) நோயாளி இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். மருத்துவமனையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கட்டடத்துக்குப் போகாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அப்பாவுக்கு வயது 74. நடுக்குவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மெதுவாகத்தான் நடப்பார், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. ஆனாலும் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு வேளைக்கும் போனில் மணி அடிக்கும். "முதலாளி கூப்பிடறான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார்.

ஏன் இத்தனை கறார் என்று கேட்கலாம். இந்த நோயில் மூளையில் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே போகின்றன. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். முதல் சில வருடங்களில் மிச்சமிருக்கும் செல்கள் டோபமைனைச் சேமித்து வைத்துச் சமாளிக்கும். போகப் போக அந்தக் கையிருப்பும் கரைந்துவிடும். அப்பா இருக்கும் கட்டத்தில் ஒரு வேளை தவறினால் கை நடுங்குவதோடு நிற்காது. ஆளே கட்டை மாதிரி ஆகிவிடுவார். புரண்டு படுக்க முடியாது, பேச வராது, எச்சிலைக்கூட விழுங்க முடியாது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் என்றால் எல்லோருக்கும் பதற்றம் வருகிறது. இந்த மாத்திரைக்கு அந்தப் பதற்றம் யாருக்கும் வருவதில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை, சிறுநீர்த் தொற்றும் குளிர்ஜுரமுமாக அப்பாவை அழைத்துப்போனோம். பெரிய மருத்துவமனைதான். அட்மிஷன் மேசையில் இருந்தவர் மாத்திரை டப்பாவைப் பார்த்ததும், "வெளி மருந்து வார்டுக்குள்ள அனுமதி இல்லைம்மா. எல்லாம் எங்க ஃபார்மசில இருந்தே வந்துடும். குடுத்துடுங்க, டிஸ்சார்ஜ் அப்ப வாங்கிக்கலாம்" என்றார். விதி என்ற அளவில் அதில் தப்பில்லை. ஒரே மருந்தை நோயாளி ஒரு முறையும் நர்ஸ் ஒரு முறையும் கொடுத்துவிடக் கூடாது அல்லவா. நான் டப்பாவைக் கொடுத்தேன். நேரங்கள் எழுதிய சீட்டையும் கொடுத்தேன். அவர் சீட்டை டப்பாவுக்குள்ளேயே மடித்துப் போட்டு மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. சீட்டு வார்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அன்று இரவு 10 மணி மாத்திரை வரவில்லை. அந்த அளவு ஃபார்மசியில் இல்லையாம், காலையில் வந்துவிடுமாம். "ஒரு வேளைதானேம்மா, ஜுரத்துக்கு மருந்து போய்ட்டிருக்கு, அதுதான் இப்ப முக்கியம்" என்றார் டியூட்டி டாக்டர். ஒன்பது மணிக்கே பார்வையாளர்கள் வெளியேற வேண்டும் என்பதால், அதற்கு மேல் நான் அங்கே நின்றதே காவலாளிக்குத் தெரியாமல்தான். அவருக்கு இருந்த நேர ஒழுங்கு மாத்திரை கொடுப்பவர்களுக்கு இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது.

வெள்ளி காலை எட்டரைக்குத்தான் முதல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த வார்டில் மருந்து ரவுண்ட்ஸ் காலை 8, மதியம் 1, இரவு 8. மூன்றே வேளை. அப்பாவின் ஐந்து வேளை அந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. யாரும் யோசித்து மாற்றியதில்லை. தள்ளுவண்டி வரும் நேரம் அது, அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தது பதினொரு மணிக்கு. அப்பா நேராக மல்லாந்து கிடந்தார். தலையணையை எடுத்தாலும் தலை அதே உயரத்தில் நிற்கும் போலிருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"சிஸ்டர், இவருக்கு பத்து மணி மாத்திரை?"

"ஒரு மணிக்கு வரும்மா."

"இல்ல சிஸ்டர், இவருக்கு நேரம் வேற. சீட்டுல எழுதிக் குடுத்திருக்கேன்."

"சார்ட்டுல டிடிஎஸ்னுதான் போட்டிருக்கு. டாக்டர் மாத்தி எழுதினாத்தான் நாங்க குடுக்க முடியும்."

டிடிஎஸ் என்றால் தினம் மூன்று வேளை. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட படுக்கைகளுக்கு இரண்டு பேர்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்று சொல்லி என்னை உட்கார வைத்ததை மறக்கவும் முடியவில்லை.

மதியம் அப்பா இரண்டு முறை வாந்தி எடுத்தார். உடனே ஒரு ஊசி. பெயரைக் கேட்டேன், "வாமிட்டிங்குக்கு" என்றார்கள். பிறகு கேஸ் ஷீட் நகல் கைக்கு வந்தபோது தெரிந்தது, மெட்டோகுளோபிரமைட். வாந்திக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஊசிதான். ஆனால் அது மூளையில் டோபமைனின் வேலையைத் தடுக்கும். பார்க்கின்சன் நோயாளிக்குக் கூடாத மருந்துகளின் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பது. வழக்கமாக இவர்களுக்குக் கொடுப்பது டோம்பெரிடோன். அது மூளைக்குள் அதிகம் நுழையாது. (இதய நோய் இருந்தால் அதிலும் கவனம் வேண்டும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஏற்கெனவே இரண்டு வேளை டோபமைன் கிடைக்காதவருக்கு, இருந்த கொஞ்சத்தையும் தடுக்கிற ஊசி. பாதி அடைத்த குழாயை மீதியும் அடைத்தாயிற்று.

வெள்ளி இரவு நடந்தது எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. வார்டில் உடன் தங்க யாருக்கும் அனுமதி கிடையாது. பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதும் கேஸ் ஷீட்டில் இருப்பதும்தான் எனக்குத் தெரியும். இரவு அப்பா ஏதோ முனகிக்கொண்டே இருந்திருக்கிறார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். ஷீட்டில் "நோயாளி குழப்பத்தில் இருக்கிறார், ஒத்துழைக்கவில்லை" என்ற குறிப்பு. மணிக்கட்டு இரண்டையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டு, ஆளை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்ற ஊசி போட்டிருக்கிறார்கள். இதுவும் டோபமைனைத் தடுப்பது. முந்தையதைவிடக் கடுமையானது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலே சித்தம் தடுமாறும். அந்த இரவின் குழப்பம் முழுவதும் மாத்திரை தவறியதால்தான் வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் பிறகு அதைத்தான் சொன்னார். ஆனால் குழப்பம் எதனால் வந்திருந்தாலும் பார்க்கின்சன்காரருக்கு ஹாலோபெரிடால் போடக் கூடாது. அவசியப்பட்டால் குவெட்டியாபின் மாதிரி வேறு மருந்துகள் இருக்கின்றன. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே நோயின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

சனி காலை போனபோது அப்பாவின் வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. மணிக்கட்டில் சிவந்த கோடு. ஜுரம் இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது, உடம்பு விறைத்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் புரையேறியது. "வாய் வழியா எதுவும் போகல, அதனால மாத்திரை நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றார்கள். மாத்திரை இல்லாததால் விழுங்க முடியவில்லை. விழுங்க முடியாததால் மாத்திரை இல்லை.

வராண்டாவில் நின்று, அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் டாக்டருக்குப் போன் போட்டேன். வேறு மருத்துவமனைக்காரர், சனிக்கிழமை, எடுப்பார் என்று நான் நம்பவில்லை. எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "போனை டியூட்டி டாக்டர்கிட்ட குடுங்க." அந்தப் பக்கம் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கம் "ஓகே சார்" மட்டும் ஏழெட்டு முறை கேட்டது. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் ஜுரமும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அவர் எனக்குப் பிறகுதான் விளக்கினார். அரை மணி நேரத்தில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். சாதாரண மாத்திரை என்பதால் கரைக்க முடிந்தது. மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் பொடிக்கவோ கரைக்கவோ கூடாது. விழுங்க முடியாதவர்களுக்குத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையும் உண்டு. கேட்டால்தான் இப்படி வழிகள் இருப்பதே தெரியவரும்.

ஞாயிறு மாலை அப்பா பேசினார். காதை வாயருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"மாத்திரை, மாத்திரைன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். சத்தம் வெளிய வரல."

ஷீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதப்பட்டது அந்த முனகலைத்தான்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். தொற்றுக்கு நான்கைந்து நாள் போதும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். இடுப்பில் ஒரு படுக்கைப்புண். பொத்தான் போட மட்டும் இன்றுவரை ஆள் வேண்டியிருக்கிறது.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று விட்டாலும், இனிமேல் வருவதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். பில்லில் பிசியோதெரபி ஆறு நாள் என்று போட்டிருந்தது. வந்தது இரண்டே நாள். அதைவிட மோசம் மருந்து சார்ட். கேட்டு, எழுதிக் கொடுத்து, இரண்டு முறை அலைந்து நகல் வாங்கினேன். சனி காலை 8 மணி மாத்திரைக்கு நேராக ஒரு டிக், ஒரு கையெழுத்து. அந்த நேரத்தில் நான் கட்டில் பக்கத்தில் நின்று "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவர்களே சொன்ன மாத்திரை. வியாழன் இரவு ஃபார்மசியில் இல்லாத மாத்திரைக்கும் ஒரு டிக் இருந்தது.

இனி அழைத்துப்போகிறவர்களுக்கு, நான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். நேரச் சீட்டை அட்மிஷன் மேசையில் கொடுக்காதீர்கள். வார்டு டாக்டரின் கையில் கொடுத்து, சார்ட்டில் மணி நேரம் போட்டு எழுத வையுங்கள். "ஐந்து வேளை" என்பது போதாது, "6, 10, 2, 6, 10" என்று இருக்க வேண்டும். இன்னொரு நகலைத் தலைமாட்டில் ஒட்டுங்கள். கீழேயே சிவப்பு மையில் மெட்டோகுளோபிரமைட், ஹாலோபெரிடால் கூடாது என்று எழுதுங்கள். வீட்டு மாத்திரையை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால், அதையே வார்டில் வைத்துக் கொடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், குறைந்தது ஃபார்மசியில் வரும்வரை. ஆபரேஷனுக்காக வெறும் வயிறு என்றாலும் இந்த மாத்திரையை என்ன செய்வது என்று முதல் நாளே மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள், அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். வழக்கமான நரம்பியல் டாக்டருக்கு அட்மிஷன் அன்றே தகவல் சொல்லுங்கள். நான் இரண்டு நாள் தாமதித்தேன். "பெரிய ஆஸ்பத்திரி, அவங்களுக்குத் தெரியாததா" என்று தயங்கியதுதான் காரணம். யாருக்குத் தெரியாமல் போயிற்றோ தெரியவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை என்பது நிஜம். வேளையையோ அளவையோ நீங்களாக மாற்ற மட்டும் போகாதீர்கள்.

இது ஏதோ என் வீட்டுக் கறார் என்று நினைப்பவர்களுக்கு: இங்கிலாந்தில் சிகிச்சைக்கான வழிகாட்டு விதிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2018-ல் வெளியிட்ட தர வரையறையில், மருத்துவமனையில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபாவை அவருக்குக் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு வாசகமே இருக்கிறது. தள்ளுவண்டி நேரம் என்பது அங்கேயும் பிரச்சினையாக இருந்ததால்தானே எழுத வேண்டி வந்தது. அந்தப் பக்கத்தையும் சார்ட் நகலையும் இணைத்துப் புகார் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமான நடைமுறைப்படியே சிகிச்சை அளிக்கப்பட்டதாம். நான்கு நாள் பிசியோதெரபிக் கட்டணம் "கணினிப் பிழை"யாம், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு டிக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன். இன்றோடு நாற்பது நாள் ஆகிறது.