ஐந்துக்கு நாலு, ஏசிக்காக ஒன்றைக் கழித்துவிட்டேன்

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தனியார் கண் கிளினிக். குறையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. பெரியம்மா தன்னுடைய செக்கப்புக்குப் போகும்போது "நீயும் வாடா தம்பி, கண்ணீர் டெஸ்ட் பண்ணுகிறார்கள்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் இரண்டு பேருக்கும் கருவிழி மாற்றியிருக்கிறது, ஆனால் ஒரே ஒப்பரேஷன் இல்லை. எனக்குக் கருவிழி கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்ததால் நடுப்பகுதியை முழுத் தடிப்போடும் வட்டமாக வெட்டியெடுத்து, யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த கருவிழியை வைத்துச் சுற்றிவர 16 தையல் போட்டார்கள். பெரியம்மாவுக்கு வெண்புரை ஒப்பரேஷனுக்குப் பிறகு உள்பக்கப் படலம் பழுதாகிவிட்டது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, அந்த மெல்லிய படலம் மட்டும் மாற்றம், உள்ளே ஒரு காற்றுக்குமிழி, மல்லாந்து படு, அவ்வளவுதான்.

மூன்று வருடமாகியும் எனக்குப் பின்னேரமானால் பேப்பர் எழுத்து கரையும். சிமிட்டினால் கொஞ்சம் தெளியும், உடனே திரும்ப மங்கும். எரிவும் இல்லை, உறுத்தலும் இல்லை, அதனால் இது வறட்சி என்று நான் நினைக்கவேயில்லை.

டொக்டர் முதலில் செய்தது பஞ்சை நூல் மாதிரித் திரித்துக் கருவிழியைத் தொட்டதுதான். பெரியம்மா படாரென்று கண்ணை மூடினார். எனக்குத் தொட்டதே தெரியவில்லை! பிறகு மஞ்சள் சாயம் வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்து, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணினார். பத்துக்கு மேலே நின்றால் நல்லதாம், என்னுடையது நாலு. கீழ் இமையில் தாள் துண்டு செருகி ஐந்து நிமிடம் இருந்ததில் நனைந்தது 6 மில்லிமீட்டர்.

டொக்டர் சொன்ன காரணம் இது: சுற்றிவர வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுந்துவிடுகின்றன, திரும்ப வளர வருடக்கணக்காகும், பழையபடி முழுதாக வருவதும் அரிது. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்வதே அந்த நரம்புகள்தானாம், அது போனால் கண்ணீரும் குறையும், சிமிட்டலும் குறையும், எரிவும் தெரியாது. பெரியம்மாவுக்கு மேற்பரப்பைத் தொடாததால் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. உள்படலத்தை விட்டுவிட்டு முன்பக்க அடுக்குகளை மட்டும் மாற்றுகிறார்களே, அதிலும் என்னைப்போல வட்டமாகத்தான் வெட்டு, வறட்சியும் வருமாம். ஒப்பரேஷன் செய்த இடத்தில் இதை யாரும் இவ்வளவு பொறுமையாக எனக்குச் சொல்லவில்லை.

நர்ஸ் மிஸ் என்னை ஃபோனில் வாசிக்கவிட்டு வீடியோ எடுத்தார். ஒரு நிமிடத்தில் ஐந்து சிமிட்டல், அதிலும் மூன்று அரைகுறை, மேல் இமை பாதிவழியில் திரும்பிவிடுகிறது. அதனால் கருவிழியின் கீழ்ப்பக்கம்தான் அதிகம் காய்ந்திருந்தது. மெல்ல மூடி, இரண்டு எண்ணி, லேசாக இறுக்கித் திறக்கப் பழக்கினார்கள். ஆபீசில் பக்கத்துச் சீட்டு அண்ணா என்ன நினைக்கிறாரோ தெரியாது.

இனிக் குறை. கண் வறட்சி பார்க்கிற இடத்தில் காத்திருக்கும் கதிரைக்கு நேரே ஏசியா? முக்கால் மணித்தியாலம் முகத்தில் அடித்தது. அதைவிட மோசம் மருந்துக் கவுண்டர். டொக்டர் எழுதியது மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனம் கலக்காத, ஒருதடவை மட்டும் பாவிக்கிற கண் சொட்டுக் குப்பிகள். "இதுவும் அதேதான் அண்ணா" என்று தந்த போத்தலில் பென்சல்கோனியம் குளோரைட் என்று போட்டிருக்கிறது, அப்படியான இரசாயனம்தான் அது. நாளைக்கு ஆறு தடவை விடுகிற ஆளுக்கு அது மேற்பரப்பை இன்னும் கெடுக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலி வீதி பார்மசி ஒன்றில் வாங்கினேன். கட்டணமும் கொஞ்சம் கூடத்தான்.

எங்களைப்போல மாற்றியவர்களுக்கு ஒன்று: கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை திடீரென்று இறங்கினாலோ இங்கே வரிசையில் நிற்காமல் ஒப்பரேஷன் செய்தவரிடம் அன்றைக்கே ஓடுங்கள். வலிக்கும்வரை பார்த்திருக்காதீர்கள், என்னுடைய கண்ணை நம்பி நானே அப்படி இருக்கமாட்டேன்.

அடுத்த செக்கப் மூன்று மாதத்தில். தொப்பி கொண்டுபோவேன்.