கொடைக்கு வில் அமர்த்துமுன்: நெல்லை வட்டார வில்லுப்பாட்டுக் குழுக்கள் எப்படி?

பங்குனி பிறந்ததும் நெல்லைச் சீமையில் கொடை, அதாவது ஊர்க் கோவில் திருவிழா, தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போய், ஆடியில் அம்மன் கோவில்களால் மறுபடியும் சூடுபிடிக்கும். பெரும்பாலான ஊர்களில் அம்மனுக்குச் செவ்வாய், சுடலைமாடனுக்கு வெள்ளி. மாதத்துக்கு நாலைந்து செவ்வாய்தான் வரும், எல்லா ஊரும் அதே நாளைத்தான் கேட்கும். அதனால் பந்தக்கால் நடும் கால்நாட்டு முடிந்தபின் வில்லுக்கு ஆள் தேடினால் மிஞ்சிய குழுதான் கிடைக்கும். கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிக்காரர்கள் கூடி நாள் குறித்த அன்றே வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது கிடைக்கும் குழுக்கள் இரண்டு வகை. ஒன்று பழைய கட்டு: கதையை நடத்திப் பாடும் அண்ணாவி, குடம், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டு என்று ஐந்திலிருந்து ஏழு பேர், சிலரிடம் ஆர்மோனியமும் இருக்கும். மற்றது கீபோர்டும் எலக்ட்ரானிக் டிரம் பேடும் சேர்த்து, சினிமா மெட்டில் கதை சொல்வது. முதல் ஒரு மணி நேரத்துக்கு இரண்டாவது வகைக்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் கொடை விடிய விடிய நடப்பது. சாமம் தாண்டியும் பந்தலில் ஆளைப் பிடித்து வைப்பது பழைய கட்டுதான். கோவில் கொடைக்கு அதையே தயங்காமல் சொல்வோம்.

காரணம் குடம். வைரம் பாய்ந்த பனையில் செதுக்கிய வில்லை, பிரிமணையில் உட்கார்ந்த மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முறுக்கிய தோல் நாணில் வீசுகோல் விழுந்ததும் வெண்கல மணிகள் குலுங்கும், அதன் அதிர்வு குடத்துக்குள் இறங்கும். குடக்காரர் ஒரு கையில் ‘பத்தி’ என்னும் மட்டையால் குடத்தின் வாயில் அறைவார், உள்ளே இருக்கும் காற்று ‘கும்’ என்று எழும். மறு கையில் இருக்கும் நாணயம் குடத்தின் வயிற்றில் ‘டிங்’ என்று தட்டும். அண்ணாவியின் பாட்டுக்கு நடை கொடுப்பது இந்தக் ‘கும்’தான். கீபோர்டின் பாஸும் அதே கனத்தில் ஒலிப்பதால் இரண்டும் சேர்ந்து குழம்பும். ஒலிபெருக்கி வைக்கும் ரேடியோ செட்டுக்காரர் குழப்பத்தைத் தீர்க்கக் குடத்தின் சத்தத்தைக் குறைப்பார். வில்லுப்பாட்டு அங்கேயே பாதி போயிற்று.

ரேடியோ செட்டுக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். குடத்தின் வாய்க்கு நேரே மைக்கை வைத்தால் காற்று மோதிக் கரகரக்கும், ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைக்க வேண்டும். தெருவில் கட்டும் கூம்புக் குழாயில் அடிக்கனமான ஒலி வராது. அதில் அண்ணாவியின் குரல் ஊருக்கே கேட்கும், குடம் மட்டும் தகர டப்பா மாதிரி இருக்கும். பந்தலுக்குள் பெட்டி ஸ்பீக்கர் ஒன்று தனியாக வேண்டும்.

தென்காசி, செங்கோட்டை பக்கம் ஆடிக் கொடை என்றால் சாரலையும் கணக்கில் வையுங்கள். ஈரக்காற்றில் தோல் நாண் தளரும், உடுக்கையும் மந்தமாகிவிடும். இடையில் உடுக்கையைக் காய்ச்சக் கொஞ்சம் கங்கு கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுங்கள். பந்தலில் வில் இருக்கும் மூலைக்காவது தகரக் கூரை போடுங்கள், துணிப் பந்தல் போதாது.

அண்ணாவியை எடைபோட ஒரு வழி உண்டு. முத்துப்பட்டன் கதையை எப்படிப் பாடுவார் என்று கேளுங்கள். செருப்புத் தைக்கும் குடியில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்காவை மணக்க வேண்டிப் பட்டன் பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கும் கட்டம் அதில் உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கும் அந்தப் பட்டனுக்கு இன்றும் செருப்பு காணிக்கை வைக்கிறார்களே, அதற்கான காரணமே அந்தக் கட்டம்தான். மாடு கவர வந்தவர்களோடு பட்டன் போடும் சண்டையை நீட்டி முழக்கி, செருப்புத் தைப்பதை நாலு வரி வசனத்தில் தாண்டுகிறவருக்குக் கதை தெரியும், தெய்வம் தெரியாது.

அமர்த்தியபின் உங்கள் கோவில் பீட வரிசையை எழுதிக் கொடுங்கள். பேச்சி, இசக்கி, முண்டன், பலவேசம் என்று எந்தெந்தத் தெய்வம், எந்த வரிசையில், சாமியாடும் கோமரத்தாடி யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு எப்போது, மதியக் கொடை எப்போது, சாமக் கொடை எப்போது என்பதும் வேண்டும். சுடலை கோவிலென்றால் சாமி மயான வேட்டைக்குப் புறப்படும் நேரம் முக்கியம். தூண்டாமணி விளக்கின் சுடரில் பிறந்து, மயானம் புகுந்து, மலையாளத்துக் காளிப்புலையன் என்ற மந்திரவாதி வரை நீளும் கதை சுடலையுடையது. மயானக் கட்டத்தை அண்ணாவி எட்டும்போது கோமரத்தாடி பந்தம் ஏந்தினால்தான் அருள் தடையில்லாமல் இறங்கும். அந்த நேரத்தில் வில் பாட வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் வழக்கத்தை முதலிலேயே சொல்லுங்கள். நையாண்டி மேளமும் வில்லும் ஒரே நேரத்தில் முழங்க விடாதீர்கள். கொடைகளில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான்.

சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லை வானொலிக்கும் மேடைக்கும் கொண்டு போனவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த ஒரு மணி நேர மேடை வடிவம் பள்ளி விழாவுக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் அருமையானது. அதில் பாடுகிறவர்கள் சபையைப் பார்த்து உட்காருவார்கள். கொடையில் வில் சாமியைப் பார்த்து இருக்க வேண்டும். மேடைக் குழுவைக் கொடைக்கு அழைத்துவிட்டுக் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

பெண் அண்ணாவிகளின் குழுக்கள் கதையை வழுவாமல் பாடுகிறார்கள். இசக்கி கதைக்கு அவர்கள் குரலே பொருத்தம். 2018இல் மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அந்த வழியில் பெரிய பெயர். ஆனால் பல ஊர்களில் இவர்களுக்கு உடைமாற்ற ஓர் அறையோ பக்கத்தில் கழிப்பறையோ இருப்பதில்லை. பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் விடியும்வரை எழ முடியாமல் பாடுவது கொடுமை. கோவிலை ஒட்டிய ஒரு வீட்டை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.

பேச்சுத்தொகையில் வண்டி வாடகை சேருமா, சாப்பாடு எத்தனை வேளை, மறுநாள் படைப்புக்கும் பாட வேண்டுமா என்பதை அச்சாரம் கொடுக்கும்போதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பார்வையாளர்கள் கொடுக்கும் அன்பளிப்பு குழுவுக்குத்தான், அதைத் தொகையில் கழிக்கக் கூடாது. நன்கொடையாளர் பெயர்களைக் கதைக்கு நடுவே வாசிக்கச் சொல்லாமல், கடைசியில் வாழ்த்துப் பாட்டான வாழி பாடும்போது சேர்க்கச் சொல்லுங்கள், வாழியில் அதற்கு இடம் உண்டு. மீதித் தொகையை வாழிக்கு முன்பே எண்ணி வைத்துவிடுங்கள், சீசனில் அவர்கள் விடிந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.