ட்ரொம்சோவில் ‘அரோரா கியாரண்டி’ டூருக்குப் பணம் கட்டும் முன்

போன பிப்ரவரியில் ட்ரொம்சோவுக்குத் தனியாகப் போய் ஏமாந்து வந்தேன். போனது 1,190 நார்வே குரோனர். அதைவிட எரிச்சல், எங்கே பொய் சொன்னார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி செய்திருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை சுவீடனில். மூன்று நாள் லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டேன். ட்ரொம்சோ நார்வேயின் வட பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 350 கி.மீ. மேலே இருக்கிறது. குளிர்காலத்தில் சாயங்காலம் ஆனால் ஊரே அரோரா, அதாவது இரவு வானில் ஆடும் வண்ண ஒளி, பார்க்கக் கிளம்பும். தனி ஆளுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. நான் விசாரித்த டூர்களில் சில, குறைந்தது இரண்டு பேராக வந்தால்தான் சீட்டு என்றன. தனியாக வந்தாலும் சரி, எட்டுப் பேர்தான் வேனில், மேகம் இருந்தால் தெளிந்த வானத்தைத் தேடி எவ்வளவு தூரமும் போவோம், தெரியாவிட்டால் இன்னொரு நாள் இலவசம் என்று ஒரு விளம்பரம் வந்தது. மற்றவர்கள் கேட்டதில் ஏறக்குறைய பாதி விலை. அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

வேனில் எல்லாரும் ஜோடி ஜோடியாக ஏற, தனி ஆளான எனக்கு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அவரேதான் கைடும். ஏறும்போது அவர் போனில் மேகப் படம் திறந்திருந்தது. கடலோரம் முழுக்க வெள்ளை. உள்நாட்டுப் பக்கம், ஷிபோத்ன் என்ற ஊர் இருக்கும் இடத்தில், வானம் தெளிவு. நான் பார்ப்பதைக் கவனித்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஷிபோத்ன் ஏன் முக்கியம் என்றால், மலைகள் கடல் மேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் பெரும்பாலும் வறண்டு தெளிந்திருக்கும். ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தின் வானாய்வுக் கூடம்கூட அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். டீசல் யார் போடுவது? எங்கள் வேன் நேர் எதிர்த் திசையில், க்வாலோயா தீவுப் பக்கம் திரும்பியது. அரை மணி நேரத்தில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒரு ஃபியோர்டு ஓரம் நிறுத்தி, “இங்கேதான், காத்திருப்போம்” என்றார். தலைக்கு மேல் மேகம், மைனஸ் 9 டிகிரி. “உள்நாட்டுப் பக்கம் போகலாமே” என்றேன். “இன்றைக்கு கேபி வெறும் 2தான், எங்கே போனாலும் இதே கதிதான்” என்று பதில் வந்தது.

இது சுத்தப் பித்தலாட்டம். கேபி என்பது அரோரா எவ்வளவு தெற்கு வரை இறங்கித் தெரியும் என்பதைச் சொல்லும் கணக்கு. ட்ரொம்சோ, அரோரா வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழேயே இருக்கிறது, அங்கே 1, 2 இருந்தாலே போதும். பார்க்க வேண்டியது மேகத்தை. அதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனைக் கவிழ்த்தார்.

பதினொன்றரைக்கு மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. அதன் வழியே சாம்பல் நிறத்தில் ஏதோ புகை மாதிரி. எனக்கு அது இன்னொரு மேகம். அவர் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, எங்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து, பத்து விநாடி அசையாதீர்கள் என்றார். திரையில் பார்த்தால் என் தலைக்குப் பின்னால் பச்சைப் பட்டை! மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமரா பத்து விநாடி ஒளியைச் சேர்த்துப் பச்சையாகக் காட்டிவிடும். படம் பொய்யில்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, அந்த இலவச டூர் எப்போது என்று மெயில் போட்டேன். பதிலாக அந்தப் படத்தையே இணைத்து அனுப்பினார்கள். ‘அரோரா கேமராவில் பதிவானாலும் தெரிந்ததாகவே கொள்ளப்படும்’ என்று நிபந்தனையில் பதினான்காவது வரியாக இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், இருந்தது. என் ஹாஸ்டல் அறையில் இருந்த பெண் அதே இரவு வேறு வேனில் ஷிபோத்ன் போய், அரோரா வானம் முழுக்க ஆடியதைப் பார்த்துவிட்டு விடிகாலை நான்கு மணிக்கு வந்து படுத்திருந்தாள்.

சட்டம் கைகொடுக்கும் என்று நினைத்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுப் பேக்கேஜ் பயண விதிகள், இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்துக்குப் பொருந்தாது. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் தேதி குறித்த டூருக்குக் கிடையாது. ஒருநாள் டூர் என்பது இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிற சாமான். வேறு நாட்டு நிறுவனம் என்பதால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ‘எவ்வளவு தூரமும் போவோம்’ என்ற விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது மட்டுமே கையில் இருக்கிறது. நீங்களும் பணம் கட்டும் முன்பே எடுத்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கம் மாறிவிடும்.

கட்டும் முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: கடந்த வாரம் எந்தெந்த ஊருக்குப் போனீர்கள்? ‘தெரிந்தது’ என்றால் கண்ணுக்கா, கேமராவுக்கா? நார்வேயில் காசுக்கு ஆள் ஏற்றும் ஓட்டுநருக்குத் தனி அனுமதி அட்டை வேண்டும், அது இருக்கிறதா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். வானம் தெளிவான இரவில் ஊருக்குள்ளேயே பிரெஸ்ட்வான் ஏரிக்கரைக்கு நடந்து போனாலும் தெரியும், ஒரு காசு செலவில்லை. எனக்கு மீதி இரண்டு இரவும் பனி கொட்டியது.

அந்தப் பச்சைப் பட்டைப் படத்தை அம்மா வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள், நேரில் பார்க்க எப்படி இருந்தது என்று.