நாய்க்கு முடி கொட்டுதுன்னு ஆன்லைன் க்ரீம் வாங்கிடாதீங்க, எனக்கு அரை மாச சம்பளம் போச்சு

வயிறு எரியுது, அதான் இப்பவே எழுதுறேன். எங்க குட்டிக்கு கண்ணைச் சுத்தியும் முன்னங்கால்லயும் வட்ட வட்டமா முடி கொட்டுச்சு, அரிப்புகூட பெருசா இல்ல. செல்லப்பிராணி சாமான் விக்கிற ஒரு ஆப்ல "முடி வளரலைன்னா பணம் வாபஸ்"னு ஒரு கோர்ஸ் போட்டிருந்தாங்க. சாட்ல வந்த ஆளு குட்டி பேரக் கேட்டு அந்தப் பேரு சொல்லியே பேசுனான், என்ன சாப்புடுது, பூச்சி மருந்து எப்போ குடுத்தீங்கன்னு அவ்ளோ பொறுமையா விசாரிச்சான், "எங்க வீட்லயும் இதே கதைதான்"னு முன்ன பின்ன போட்டோ வேற அனுப்புனான், யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அரை மாச சம்பளம், மொத்தமா அட்வான்ஸ். (அந்த ரெண்டு போட்டோவும் ஒரே நாயே இல்ல, ஒண்ணுக்கு நெஞ்சுல வெள்ளை இருக்கு, இன்னொன்னுக்கு இல்ல!)

வந்தது லேபிளே இல்லாத ஒரு க்ரீம். தடவத் தடவ திட்டு முதுகு வரைக்கும் பரவிடுச்சு. கேட்டா "உள்ள இருக்குற நச்சு வெளிய வருது, நல்ல அறிகுறி"ங்கிறான். அப்புறம் "ரெண்டாவது கோர்ஸ் வாங்குங்க". அதுக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும். கஸ்டமர் கேர்ல "பிரிச்ச பொருளுக்கு ரீஃபண்ட் இல்ல மேடம்".

வெட்னரி டாக்டர் தோல லேசா ரத்தம் கசியுற வரைக்கும் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல காட்டுனார், நீளமா சுருட்டு மாதிரி பூச்சி நெளியுது. டெமோடெக்ஸாம். பொதுவா நாய்ங்க தோல்ல கொஞ்சமா இருக்கிறதுதான், எதிர்ப்பு சக்தி குறைஞ்சா பெருகிடுமாம். க்ரீம்ல ஸ்டீராய்டு இருந்திருந்தா எதிர்ப்பு சக்திய இன்னும் அமுக்கி பூச்சிய வளர்த்து விட்டிருக்கும்னார். குட்டிங்களுக்கு சின்ன திட்டா இருந்தா பெரும்பாலும் தானாவே சரியாயிடுமாம், அதக் கேட்டப்பதான் அரை மாச சம்பளம் நெஞ்சுல குத்துச்சு. இப்ப பூச்சிக்கு மாத்திரை ஓடுது, முடி வந்துட்டாலும் நிறுத்தக்கூடாதாம், மறுபடி சுரண்டிப் பாத்து பூச்சி இல்லன்னு ஆனாத்தான் நிறுத்தணுமாம்.

என்ன பண்ணணும்னு விரிவா எழுதலாம்னு உக்காந்தேன், கோவத்துல வரல. சுருக்கமா:

போட்டோ பாத்து மருந்து சொல்றவன நம்பாதீங்க, உண்ணி, பூஞ்சை, தைராய்டு எதுலயும் முடி கொட்டும், ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. லேபிள் இல்லாதத தடவாதீங்க. டீ ட்ரீ ஆயில் வேண்டவே வேண்டாம், நாய்க்கு விஷம். வீட்ல உங்களுக்கும் அரிச்சா இல்ல வட்டமா படை வந்தா நாயோட நீங்களும் டாக்டரப் பாருங்க, சொறிப்பூச்சியும் (டெமோடெக்ஸ் இல்ல, இது வேற பூச்சி) படையும் மனுசங்களுக்கும் ஒட்டும்.

ஆப்ல நான் போட்ட ஒரு ஸ்டார் ரிவ்யூவையும் தூக்கிட்டானுங்க.